படத்தோடு போகும் பட்டறைக் குறிப்புக்கள்

தையற்காரன் ஒருவன் சட்டையைத் தைத்து முடித்தவுடன் அதனை அப்படியே உரியவரிடம் கொடுத்துவிடுவதில்லை. அளவுக்காகச் சுண்ணக்கட்டியால் இட்ட கோடுகளைத் தட்டித் துடைக்கிறான். துணி நழுவாதிருக்கத் தற்காலிகமாக ஓட்டிய நூலை உருவி எடுக்கிறான். குத்திவைத்த ஊசிகளைக் கழற்றுகிறான். அவை இல்லாமற் சட்டை உருவாகியிராது. அவை இருந்தாலோ சட்டையை உடுத்திக்கொள்ள இயலாது. கணினியில் வரையப்படும் படங்களிலும் இத்தகைய நூலும் ஊசியும் உண்டு. வெளியிடுமுன் அவற்றைக் களைவது எங்ஙனம், ஒன்றிரண்டு படங்களில் அன்றி ஆயிரம் படங்களில் ஒரே முறையிற் களைவது எங்ஙனம், களையும்போது கைவைக்கலாகாதவை எவை என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

கணினிப் படங்கள் இரு வகையின. புகைப்படம் போன்றவை புள்ளிகளால் ஆனவை; இலட்சக்கணக்கான சிறு கட்டங்களுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் எனப் பதிந்து வைப்பவை. மற்றவை கோடுகளால் ஆனவை. இவ்விடத்தில் நடுப்புள்ளி, இத்துணை நீளம் ஆரை, இந்நிறத்தால் நிரப்புக என்று கணினிக்குக் கட்டளையாகவே எழுதி வைக்கப்படுபவை. பருமனும் திசையும் உடைய கணியத்தை எமது கணித பாடநூல்கள் காவி என்று வழங்குவதற்கேற்ப, இவ்விரண்டாம் வகையைக் காவிப்படம் என்று கூறலாம். முத்திரையளவாகக் காட்டினும், மதிலளவாகக் காட்டினும் காவிப்படத்தின் விளிம்பு சிதைவதில்லை. தேசப்படங்கள், நிறுவனச் சின்னங்கள், கைத்தொலைபேசித் திரையிற் காணும் சிறு குறியீடுகள் ஆகியன பெரும்பாலும் இவ்வகையில் வரையப்படுவதன் காரணம் இதுவே.

இத்தகைய படங்களுக்குப் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்ற எண்ணம் 1998ஆம் ஆண்டில் வலுப்பெற்றது. வலையின் நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சங்கத்திடம் அவ்வாண்டில் வெவ்வேறு முன்மொழிவுகள் வந்தன. மைக்ரோசொப்ட் முதலிய கொம்பனிகள் ஒரு முறையைக் கொண்டுவந்தன, அடோபி, ஐ.பி.எம்., நெட்ஸ்கேப், சன் ஆகியவை மற்றொரு முறையைக் கொண்டுவந்தன. சங்கம் எதனையும் அப்படியே ஏற்காது, புதிதாக ஒரு மொழியை வகுத்து, 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் திகதி வெளியிட்டது. எஸ்.வி.ஜி. என்று மூன்றெழுத்தால் வழங்குவது அதுவே. 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். என்னும் பொது இலக்கணத்தின்படி அமைந்தமையால், எஸ்.வி.ஜி. கோப்பு ஒன்றைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து எவரும் படிக்கலாம். படம் உண்மையில் ஒரு கடிதம் போன்றது. கடிதமாயின் அதனுள் வேறு யாவும் எழுதப்பட்டிருக்கவும் கூடும் அன்றோ?

எழுதப்படுகின்றன என்பதே விடை. எக்ஸ்.எம்.எல். இலக்கணத்தில் பெயர்வெளி என்றொரு வசதி உண்டு. கோப்பின் தலைப்பில் ஒரு முகவரியை அறிவித்து அதற்கு ஒரு முன்னொட்டைச் சூட்டிவிட்டால், அம்முன்னொட்டைத் தாங்கிய சொற்கள் யாவும் அறிவித்தவருக்குச் சொந்தமாகும். எஸ்.வி.ஜி. நியமமும் இதற்கு இடமளிக்கின்றது; படத்தைக் காட்டும் செயலி தனக்குத் தெரியாத பெயர்வெளியைக் கண்டால் பேசாமல் விட்டுவிட வேண்டும். ஆகவே வரையும் மென்பொருள் ஒவ்வொன்றும் தன் நினைவுக் குறிப்புக்களை அவ்விடத்திலேயே ஒதுக்கிக்கொள்கின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. கோப்பைத் திறந்து படிப்பவருக்கோ அத்தனையும் தெரியும்.

இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதிற் சேமித்த கோப்பில் ஒன்றல்ல, இரண்டு பெயர்வெளிகள் இருப்பதைக் கண்டு பலர் வியப்பதுண்டு. ஒன்று இங்க்ஸ்கேப்புக்கு உரியது. மற்றது சோடிபோடி என்பதற்கு உரியது. எஸ்தோனியரான லவ்ரிஸ் கப்லின்ஸ்கி உருவாக்கிய வரைகலை மென்பொருளே சோடிபோடி. அந்நாட்டுக் குழந்தைப் பேச்சில் அச்சொல்லுக்குக் கதம்பம் என்பது பொருளாம். 2003ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரிந்த நால்வர் இங்க்ஸ்கேப்பைத் தொடங்கினர். தாய் மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோன பின்னரும், அதன் பெயர் மட்டும் இன்றுவரை ஒவ்வொரு கோப்பிலும் எழுதப்பட்டு வருகின்றது. பழைய கோப்புக்கள் திறவாமற் போகலாகாது என்பதற்காகவே அப்பெயர் மாற்றப்படவில்லை.

அவ்விரு பெயர்வெளிகளிலும் அடங்குபவை எவை? வரைபவரின் சாளரம் எத்துணை அகலம், எத்துணை உயரம், கடைசியாகப் படத்தை எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தார், திரையின் நடுவில் எப்பகுதி இருந்தது, அடுக்குக்களின் பெயர்கள், வளைவின் ஒவ்வொரு முடிச்சும் கூரியதா, மழுங்கியதா, வழிகாட்டிக் கோடுகள், கோப்பின் பெயர். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் படத்தைப் புள்ளிப்படமாக ஏற்றுமதி செய்யும்போது, அது எவ்விடத்திற் சேமிக்கப்பட்டது என்பதையும் இங்க்ஸ்கேப் குறித்துக்கொள்வதுண்டு. அவ்விடம் வட்டின் வேரிலிருந்து முழுமையாகக் குறிக்கப்படும்போது, அப்பாதையில் கணினியின் கணக்குப் பெயர் வரும். அது பெரும்பாலும் உரியவரின் சொந்தப் பெயராகவே இருக்கும். அதன் பின் கோப்புறைகளின் பெயர்கள் வரும். அவற்றிலே வாடிக்கையாளரின் பெயரோ, இன்னும் அறிவிக்கப்படாத ஒரு திட்டத்தின் பெயரோ இருந்துவிட்டால் அதுவும் படத்தோடு ஊர்சுற்றப் புறப்பட்டுவிடும்.

அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றது. எஸ்.வி.ஜி. ஆகச் சேமிக்கும்போது, பின்னர் திருத்தும் வசதியைப் பேணுக என்றொரு தெரிவு அதில் உண்டு. அதனை ஏற்றுக்கொண்டால், மூலக்கோப்பு முழுவதையும் சுருக்கிக் குறியீட்டு எழுத்துக்களாக மாற்றிப் படத்தினுள்ளே வைத்துவிடும். பார்வைக்கு ஒரு படம், உள்ளே இரண்டு. கோப்பின் அளவு பன்மடங்காகப் பெருகும் என்பது ஒருபுறமிருக்க, அச்சுருக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மூலம் அனைத்தும் கிடைத்துவிடுகின்றது. எழுத்துத் திருத்தியில் திறந்து பார்ப்பவர் பொருளற்ற எழுத்துத் தொடர் ஒன்றையே காண்பார், ஐயுறவும் மாட்டார்.

இதெல்லாம் வீண் அச்சம் என்று கருதுவோர் உளர். படக்கோப்பில் அல்லாவிடினும், இதே வகையான தடம் ஓர் அரசாங்கத்தையே தலைகுனிய வைத்தமை அண்மை வரலாறு. 2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் ஈராக் குறித்து ஓர் ஆவணம் வெளியிட்டது. அது மைக்ரோசொப்ட் வேர்ட் கோப்பாகவே வலையில் இடப்பட்டிருந்தது. கடைசியாக அதனைத் திருத்திச் சேமித்த பத்து முறைகளின் பதிவு, கணக்குப் பெயர்களும் சேமித்த இடங்களும் உட்பட, அக்கோப்பினுள்ளே இருந்தது. அதனை வெளிக்கொணரப் பெரும் புலமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. யார் யார் கைபட்டு அவ்வாவணம் உருவாயிற்று என்பது பின்னர் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது.

தனிமறைவு ஒரு காரணமாயின், பாரம் இன்னொரு காரணம். சிறு குறியீடு ஒன்றை வரையத் தேவையான கட்டளை சில வரிகளே. சாளர அளவு முதலிய குறிப்புக்கள் அதனினும் நீளமாக இருப்பது வழக்கம். ஆயிரம் குறியீடுகள் கொண்ட தொகுதியில் இது சிறிய செலவன்று. வலையில் அனுப்பும்போது கோப்புக்கள் பொதுவாகச் சுருக்கப்பட்டே செல்வதால், வட்டிற் காணும் சேமிப்பு முழுவதும் வழியிற் கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. மென்பொருட் குழுக்களை வாட்டும் மூன்றாவது தொல்லை ஒன்றும் உண்டு. கிட் போன்ற பதிப்புக் காப்பகங்களிற் படங்களை வைத்திருப்போர், எவர் எதை மாற்றினார் என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பர். படத்திற் கோடொன்றும் மாறவில்லை. ஒருவர் திறந்து, சற்றுப் பெருக்கிப் பார்த்து, பழக்கத்தாற் சேமித்துவிட்டார். அவ்வளவிலேயே பல வரிகள் மாறியதாகக் காப்பகம் காட்டும். உண்மையான மாற்றம் அந்தச் சந்தடியில் மறைந்துபோகும்.

இனி, களையும் முறை. ஒரு படமாயின் வேலை எளிது. இங்க்ஸ்கேப்பிலேயே எளிய எஸ்.வி.ஜி. ஆகச் சேமிக்கும் தெரிவு உண்டு. படங்கள் பலவாயின் சாளரத்தைத் திறவாமல், கட்டளை வரியிலிருந்து அதே தெரிவை ஒவ்வொரு கோப்புக்கும் ஏவலாம். 2020ஆம் ஆண்டில் வந்த 1.0 பதிப்பில் இக்கட்டளையின் அமைப்பு மாற்றப்பட்டது; முன்பு புதிய கோப்பின் பெயரை அதனோடேயே கொடுத்தனர், இப்போது வேறாகக் கொடுத்தல் வேண்டும். பழைய நூல்களிலிருந்து பார்த்தெழுதிய ஏவற்கோப்புக்கள் தடுமாறுவது இதனாலேயே. இதற்கெனவே எழுந்த கருவிகளும் உள. ஜெவ் ஷில்லர் எழுதிய ஸ்கவர் என்பது ஒன்று. 2009இல் வெளிவந்த இங்க்ஸ்கேப் 0.47 முதல் அது உள்ளேயே இணைக்கப்பட்டுள்ளது. எஸ்.வி.ஜி.ஓ. என்பது 2012இல் தோன்றியது. ஒரு கோப்புறையைக் காட்டினால் அதனுள் இருக்கும் படங்கள் அனைத்தையும் ஒருங்கே துப்புரவு செய்து வேறொரு கோப்புறையில் இட்டுவிடும். இங்க்ஸ்கேப், சோடிபோடி, இல்லஸ்ட்ரேட்டர், ஸ்கெச் முதலிய மென்பொருள்களின் பெயர்வெளிகளது பட்டியல் அதனிடம் உண்டு. பட்டியலில் இல்லாத புதிய மென்பொருளின் பெயர்வெளியை நாமாகச் சேர்த்தல் வேண்டும்.

கருவி எதற்கு, எழுத்துத் திருத்தியிலே தேடி அழித்துவிடலாமே என்று துணிவோர் முன் ஒரு குழி காத்திருக்கின்றது. கோப்பின் தலைப்பிலுள்ள பெயர்வெளி அறிவிப்பை முதலில் அழித்துவிட்டு, உள்ளே அம்முன்னொட்டைத் தாங்கிய சொல் ஒன்றேனும் எஞ்சிவிட்டால், அக்கோப்பு இலக்கணப் பிழையுடையதாகிவிடும். பிழை சிறிது என்று வலை உலாவி மன்னிப்பதில்லை. படத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்தியையே காட்டும். ஆகவே முதலில் அப்பெயர்வெளிக்குரிய உறுப்புக்கள், அடுத்து எஞ்சிய உறுப்புக்களில் ஒட்டியிருக்கும் பண்புகள், இறுதியில் அறிவிப்பு என்ற வரிசை பிறழலாகாது. மேலும், படத்திலேயே வாசகமாக எழுதப்பட்டுள்ள சொல்லையும் மென்பொருளின் குறிப்பையும் கண்மூடித்தனமான தேடல் பிரித்தறியாது. எக்ஸ்.எம்.எல். இலக்கணத்தை அறிந்து படிக்கும் கருவியே இதற்கு உரியது.

கருவிகள் அளவுக்கு மிஞ்சித் துடைத்துவிடுவதும் உண்டு. இவ்விடயமே அதிக கவனத்துக்குரியது. படத்தின் ஆசிரியர் யார், எந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டார் என்ற விவரம், அதற்கென நியமத்தில் உள்ள குறிப்புறுப்பில் எழுதப்படுகின்றது. அது மென்பொருளின் குறிப்பன்று, மனிதரின் உரிமை. இங்க்ஸ்கேப்பின் எளிய சேமிப்பு அதனை விட்டுவைக்கின்றது. எஸ்.வி.ஜி.ஓ.வின் வழக்கமான அமைப்போ அதனையும் நீக்கிவிடும். ஆசிரியர் பெயரைக் கூறுதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு பெறப்பட்ட படத்தை இவ்வாறு துடைத்து வெளியிடுவது நிபந்தனையை மீறுவதாகவும் முடியலாம். தலைப்பும் விளக்கமும் இத்தகையவையே. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் படத்தைப் பற்றிக் கூற எடுத்துக்கொள்வது அவற்றைத்தான். எஸ்.வி.ஜி.ஓ. நெடுங்காலம் தலைப்பை நீக்கி வந்தது. படத்தின் எல்லையைக் குறிக்கும் பண்பையும் நீக்கி வந்தது. அவ்வெல்லை இல்லாவிடில் படம் பெட்டிக்கேற்பப் பெருகவோ சிறுகவோ மாட்டாது. பெருக்கினாலும் சிதையாது என்ற காவிப்படத்தின் தனிச்சிறப்பையே துப்புரவு பறித்துக்கொண்ட விந்தை அது. 2025ஆம் ஆண்டில் வந்த 4ஆம் பதிப்பிலேயே இவ்விரண்டும் வழக்கமான நீக்கப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. பழைய பதிப்பைப் பாவிப்போர் தாமே தடுத்துக்கொள்ளல் வேண்டும்.

அடையாளப் பெயர்களின் கதை இன்னும் சுவையானது. படத்தினுள் நிறச்சாய்வு முதலியவற்றுக்கு ஒவ்வொரு பெயர் உண்டு; வடிவங்கள் அப்பெயரைச் சுட்டியே நிறம் பெறுகின்றன. பாரம் குறைக்கும் கருவி நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாக மாற்றுகின்றது. ஒரு படம் தனித்து நிற்கும்வரை குற்றமில்லை. இருபது படங்களின் கட்டளைகளை ஒரே வலைப்பக்கத்தினுள் நேரே பதிக்கும்போது, எல்லாப் படங்களிலும் முதலெழுத்தே பெயராக இருக்க, ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறிவிடுகின்றது. பச்சை இலை நீலமாகத் தோன்றுவதைக் கண்டு வரைந்தவரைக் குறைகூறுவர். அவரோ ஒன்றும் அறியார். கோப்பின் பெயரை ஒவ்வொரு அடையாளத்துக்கும் முன்னே சேர்ப்பதே இதற்குப் பரிகாரம். அவ்வசதியும் அக்கருவியிலேயே உண்டு.

மறுபுறத்தில், பெயர்வெளிகளைக் களைந்தும் எஞ்சி நிற்பவை சில. வரைந்தவர் தற்காலிகமாக மறைத்துவைத்த அடுக்கு அவற்றுள் முதன்மையானது. அடுக்கு என்ற பெயர் மென்பொருளின் குறிப்பாயினும், மறைத்தல் என்பது எஸ்.வி.ஜி. நியமத்திலுள்ள சாதாரணப் பண்பேயாகும். ஆதலால் பெயர்வெளியைக் களைந்த பின்னும் மறைந்த வரைவு உள்ளேயே இருக்கும். எவரும் ஒரு சொல்லை மாற்றி அதனை வெளிப்படுத்தலாம். வெட்டி ஒதுக்கிய புகைப்படமும் அவ்வாறே. காவிப்படத்துள் ஒரு புகைப்படத்தைப் பதித்து அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டினால், மற்றப் பகுதி திரைக்குப் பின்னே நிற்கின்றதேயன்றி ஒழிவதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படமாயின், எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும்கூட அதனுள் இருக்கலாம். பதிக்காமல் இணைப்பாகச் சுட்டிய படமோ வட்டிலுள்ள முழுப்பாதையைத் தாங்கி நிற்கக்கூடும். அதுவும் நியமத்துக்குட்பட்ட பண்பாதலால் கருவி தொடாது. இவற்றை மனிதக் கண்ணே தேட வேண்டும். வரைபவரின் கணக்குப் பெயரைக் கொண்டு, வெளியிடும் கோப்புறை முழுவதிலும் ஒருமுறை தேடிப் பார்த்தாற் பாதைகள் பல அகப்படும். ஆனால் பதித்த புகைப்படமும் இல்லஸ்ட்ரேட்டரின் சுருக்கமும் குறியீட்டு எழுத்துக்களாக இருப்பதால் அத்தேடலுக்கு அகப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

துடைத்த படம் துடைக்காத படத்தைப் போலவே தோன்றுகின்றதா என்று அறிய, இரண்டையும் புள்ளிப்படமாக மாற்றி ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கழித்துப் பார்ப்பர். தசம இலக்கங்களைக் குறைத்திருந்தால் விளிம்புகளில் மெல்லிய வேறுபாடு தோன்றும், அது பொறுக்கத்தக்கது. ஒரு வடிவமே காணாமற் போயிருந்தால் வெள்ளிடை மலையாகத் தெரியும். ஆயிரம் படங்களை மனிதர் ஒவ்வொன்றாக நோக்க வேண்டியதில்லை; வேறுபாடு மிகுந்த சிலவற்றைக் கணினி பொறுக்கித் தர, அவற்றை மட்டும் நோக்கினாற் போதும்.

மூலத்தை என்செய்வது என்ற கேள்வி எஞ்சுகின்றது. துடைத்ததை மூலத்தின் மேலேயே எழுதிவிடுவோர் உளர். அது பெருந்தவறு. அடுக்குக்களின் பெயர்கள், முடிச்சுக்களின் தன்மை, திருத்தத்தக்க நிலையிலிருந்த வளைவுகள் யாவும் போய்விட்டபின், அடுத்த மாதம் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியவர் முதலிலிருந்து வரைய நேரும். தமிழ் எழுத்துக்கள் உள்ள தேசப்படத்தில் இந்நட்டம் இன்னும் பெரிது. எழுத்துருவைப் பற்றிய கவலை வேண்டாம் என்று எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றி வெளியிடுவது உண்டு. அவ்வெளியீட்டில் ஊர்ப்பெயரைத் தேடவும் முடியாது, எழுத்துப்பிழையைத் திருத்தவும் முடியாது. சட்டமும் இவ்விடத்திற் குறுக்கிடுகின்றது. 1991ஆம் ஆண்டில் வெளியான குனூ பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பு, மாற்றம் செய்வதற்கு விரும்பத்தக்க வடிவம் எதுவோ அதுவே மூலம் என்று வரையறுக்கின்றது. அவ்வுரிமத்தின் கீழ் வெளியாகும் தொகுதியில் துடைத்த படத்தை மட்டும் கொடுத்துவிட்டு, இதுவே மூலம் என்று சாதிப்பது கடினம். துடைப்பு இரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற மாட்டாது. ஆதலின் நல்ல குழுக்கள் மூலக் கோப்புறையை ஒருபுறமும், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கருவியால் அதிலிருந்து புதிதாக உண்டாக்கும் கோப்புறையை மறுபுறமும் வைத்துக்கொள்கின்றன. மூலத்தையும் வெளியிடுவோர், அதிலே பாதைகளையும் பெயர்களையும் மட்டும் நீக்கி, அடுக்குக்களையும் முடிச்சுக்களையும் விட்டுவைப்பர்.

இவ்வேலையை முதல் வெளியீட்டுக்கு முன்பே செய்தல் வேண்டும். பதிப்புக் காப்பகம் ஒன்றில் ஏற்கெனவே இட்டுவிட்ட படத்தை இன்று துடைத்து மீண்டும் இட்டால், இன்றைய பதிப்பு மட்டுமே தூய்மையாகும். நேற்றைய பதிப்பு, கணக்குப் பெயரோடும் கோப்புறைப் பெயரோடும், காப்பகத்தின் வரலாற்றில் அப்படியே இருக்கும். அவ்வரலாற்றையே திருப்பி எழுதக் கருவிகள் இருந்தபோதிலும், அதற்குள் எவரேனும் படியெடுத்துச் சென்றிருந்தால் அப்படிகளில் எதுவும் மாறுவதில்லை.